பச்சோந்திக் குட்டி வருமுன் அதன் வீடு தயாராக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டில் வளர்க்கத்தக்க புதுமையான உயிரினங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பச்சோந்திக்கு ஒதுக்கப்பட்ட பத்தி மூன்று செய்திகளைச் சொல்லியது. ஒரு கண்ணாடித் தொட்டியும் அதனுள் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருந்தால் போதும் என்பது ஒன்று. அகப்படும் பூச்சி எதையும் போட்டுவிட்டால் அதுவே பிடித்துத் தின்றுகொள்ளும் என்பது மற்றொன்று. நன்றாகப் பழகிவிட்டால் குழந்தைகள் தோளில் ஏற்றிக்கொண்டு விளையாடலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் தவறு. வளர்ந்த பச்சோந்தியாக இருந்தால் இத்தவறுகளைச் சில மாதம் தாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று மாத வயதுள்ள குட்டிக்கு அவ்வளவு இருப்பு கிடையாது. பத்தியோடு ஒரு படமும் வெளியிட்டிருந்தீர்கள். அதைப் பற்றிக் கடிதத்தின் முடிவில் சொல்கிறேன்.

இதை எழுதும் தகுதி எனக்கு என் தவறுகளால் வந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாக ஒரு குட்டியை வாங்கி வந்தபோது, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிடப் போகிறது என்று வீட்டில் கேலி செய்தார்கள். நடந்தது நேர்மாறு: தொல்லைப்பட்டது நானல்ல, அந்தக் குட்டிதான். விற்றவர் சொன்னபடியே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வாய் அகன்ற கிண்ணத்தில் நாள்தோறும் தண்ணீர் மாற்றி வைத்தேன். நாற்பது நாள் கழித்து, நிறைந்திருந்த அந்தக் கிண்ணத்துக்கு ஒரு சாண் தொலைவில் அது தாகத்தால் இறந்து கிடந்தது. தேங்கி நிற்கும் நீரைப் பச்சோந்தி பொதுவாகக் குடிநீராக அடையாளம் கண்டுகொள்வதில்லை என்பதை அதன் பிறகே தெரிந்துகொண்டேன். மரத்திலேயே வாழும் உயிர் அது. இலையில் மின்னும் பனித்துளியும் மழைத்துளியுமே அதற்குத் தண்ணீர்.

எனவே இக்கடிதத்தில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. முதலில் குட்டியை வாங்கிவிட்டு அதற்குப் பிறகு கூண்டு, விளக்கு, செடி என்று ஒவ்வொன்றாகத் தேடுகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வீடு முதலில் எழும்ப வேண்டும். விளக்கு எரிந்து, நீர் தெளித்து, வெப்பநிலை அளந்து, ஒரு வாரமாவது அந்த வீடு ஆளில்லாமல் ஓடிப் பார்க்க வேண்டும். அதன் பிறகே குட்டி வர வேண்டும். நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ நம் வீட்டில் வாழ வருகிறது. பச்சோந்திக் குட்டிக்கு நம் வீட்டோடு எந்த ஒட்டும் இல்லை. நாம் கட்டிக்கொடுக்கும் நான்கு வலைச் சுவர்களுக்குள் இருக்கும் வெயிலும் ஈரமும் நிழலும்தான் அதற்கு உலகம்.

எந்த இனத்தை வாங்குவது என்பதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. பச்சோந்திகளில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவுக்கே உரியவை. ஆனால் வளர்ப்போரிடம் அதிகம் காணப்படுபவை இரண்டுதான். ஒன்று, ஏமனையும் சவுதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட, தலையில் உயர்ந்த கொண்டையுள்ள ஏமன் பச்சோந்தி. மற்றது, மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களைச் சேர்ந்த, சிறுத்தைப் பச்சோந்தி என்று பெயர் பெற்ற வண்ணமிகு இனம். முதன்முறை வளர்ப்பவருக்கு இவ்விரண்டில் ஒன்றே பொருத்தம். இரண்டுமே, வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. அதாவது நாடு விட்டு நாடு செல்ல உரிய அனுமதி ஆவணம் வேண்டும். அவரவர் நாட்டுச் சட்டம் இதை வளர்க்க இடம் தருகிறதா என்பதை, ஆசை முற்றுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. காட்டிலோ வேலியோரத்திலோ பிடித்த பச்சோந்தியைக் கொண்டுவந்து வளர்ப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பிடிபட்ட விலங்கு ஒட்டுண்ணிகளோடும் அச்சத்தோடும் வருகிறது; அதை மீட்டு நிமிர்த்துவது தேர்ந்தவருக்கே கடினம்.

கூண்டில் பிறந்து, இரண்டு மாதமாவது நிறைந்து, தானாகப் பூச்சி பிடித்துத் தின்னப் பழகிய குட்டியையே வாங்க வேண்டும். ஏமன் பச்சோந்தி முட்டையிலிருந்து வெளிவரும்போது வால் உட்பட நம் சுண்டுவிரலை விடச் சற்றே நீளம். அந்தப் பருவத்தில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் ஆபத்து என்பதால், அந்த வயதில் விற்பவரிடம் வாங்காமல் திரும்பிவருவதே மேல். வாங்கும்போது கண்களைப் பாருங்கள். இரண்டும் வெளியே பிதுங்கி, உருண்டு, தனித்தனித் திசையில் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். கிளையைப் பற்றும் பிடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஏமன் இனத்தில் ஆணா பெண்ணா என்பதைக் குட்டியிலேயே சொல்லிவிடலாம்: ஆணுக்குப் பின்னங்காலின் குதிப் பக்கத்தில் சிறு முள் போன்ற புடைப்பு பிறவியிலேயே இருக்கும்.

இனி வீடு. கட்டுரையில் சொல்லப்பட்ட கண்ணாடித் தொட்டியை முதலில் ஒதுக்கிவிடலாம். மீனுக்காகச் செய்த தொட்டியில் காற்று அடியில் தேங்கி நிற்கிறது. ஈரமும் அதோடு சேர்ந்து நிற்கிறது. அந்தப் புழுக்கத்தில் பச்சோந்திக்கு நுரையீரல் தொற்று எளிதில் வருகிறது. மேலும், கண்ணாடியில் தெரியும் தன் நிழலுருவத்தை வேறொரு பச்சோந்தி என்று எண்ணி அது நாள் முழுவதும் அஞ்சியோ சினந்தோ வாழ நேரும். காற்றோட்டத்துக்கென்றே கதவும் துளைகளும் அமைத்துச் செய்யப்படும் கண்ணாடிக் கூண்டுகளை, காற்று மிக வறண்ட குளிர் நாடுகளில் அனுபவமுள்ளவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மையே. முதன்முறை வளர்ப்பவருக்கு நாற்புறமும் வலையடித்த, உயரமான கூண்டே ஏற்றது. குட்டிக்கு நாற்பது சென்டிமீட்டர் அகலமும் அதே ஆழமும் எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரமும் போதும். எட்டு ஒன்பது மாதத்தில் அது வளர்ந்துவிடும். அப்போது குறைந்தது அறுபதுக்கு அறுபது அகலமும் நூற்றிருபது சென்டிமீட்டர் உயரமும் உள்ள கூண்டு வேண்டும். இடம் இருந்தால் முதலிலேயே பெரிய கூண்டை வைத்துவிடுவதிலும் தவறில்லை. ஆனால் அதில் குட்டிக்கு இரை எளிதில் கண்ணில் படும்படி ஏற்பாடு செய்ய வேண்டும்.

கூண்டைத் தரையில் வைக்கக் கூடாது. பச்சோந்திக்கு உயரம் என்பதே பாதுகாப்பு; மேலிருந்து வரும் எதுவும் அதற்குப் பருந்து. கூண்டின் மேல் கிளை நம் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி மேசையின் மீது ஏற்றி வைத்தால், நாம் அறைக்குள் நடமாடும்போது குட்டி நம்மைக் கீழே கடந்துபோகும் விலங்காகவே பார்க்கும். இந்த ஒரு மாற்றத்தால் மட்டும், நாள் முழுவதும் இலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த குட்டி வெளியே வந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆட்கள் ஓயாது கடக்கும் வழி, தொலைக்காட்சிக்குப் பக்கம், குளிர்சாதனக் காற்று நேரே அடிக்கும் இடம் ஆகியவை ஆகாது. நாயோ பூனையோ ஏறிட்டுப் பார்க்கும் இடம் ஒருக்காலும் ஆகாது.

உள்ளே முதலில் கிளைகள். பச்சோந்தியின் ஒவ்வொரு பாதத்திலும் ஐந்து விரல்களும் இரண்டு கட்டாக, இரண்டும் மூன்றுமாக, இடுக்கி போல் இணைந்திருக்கின்றன. தட்டையான பரப்பில் நடப்பதற்கான பாதமல்ல அது, வளைத்துப் பிடிப்பதற்கானது. எனவே பென்சில் கனத்திலிருந்து கட்டைவிரல் கனம் வரை பலவகைக் கிளைகளை, பெரும்பாலும் கிடைமட்டமாகவும் சிலவற்றைச் சாய்வாகவும், வெவ்வேறு உயரங்களில் கட்ட வேண்டும். ஒரே கனமுள்ள வழவழப்பான கோல்களை மட்டும் வைத்தால் பாதம் புண்ணாகிறது. வெப்ப விளக்கின் கீழே ஒரு கிளை, அதிலிருந்து விலகி நடுவில் ஒன்று, அடர்ந்த இலைக்குள் மறைந்துகொள்ள ஒன்று என்று, வேண்டும்போது வெயிலுக்கும் வேண்டாதபோது நிழலுக்கும் குட்டி தானே நடந்து போகும்படி அவை ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஊர்வன தம் உடல் வெப்பத்தை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்கின்றன. வழி இல்லாத கூண்டில் அந்தத் தேர்வே இல்லாமல் போகிறது.

அடுத்து செடிகள், உயிருள்ள செடிகளே வேண்டும். மணி பிளான்ட், செம்பருத்தி, சிறிய இலையுள்ள ஃபைக்கஸ் வகை ஆகியவற்றைப் பலரும் வைக்கிறார்கள். செடி குட்டிக்கு மறைவிடம், நீர்த்துளி தங்கும் பாத்திரம், காற்றின் ஈரத்தைக் காக்கும் துணை எல்லாம் ஆகிறது. ஏமன் பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும் பழக்கமுள்ளது என்பதால், நெகிழிச் செடி அதன் வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் செடியில் பூச்சிமருந்து படிந்திருக்கலாம். இலைகளின் இருபுறமும் நன்றாகக் கழுவி, தொட்டி மண்ணை மாற்றி, சில வாரம் தனியே வைத்திருந்து பிறகே கூண்டுக்குள் வைக்க வேண்டும். கூண்டின் அடித்தளத்தில் மண், கூழாங்கல், மரத்தூள் எதுவும் வேண்டாம். குட்டி நாக்கை எறிந்து பூச்சியைப் பிடிக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வருவதையும் விழுங்கிவிடும். வெறும் தளமே தூய்மைக்கு எளிது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் ஒரு குட்டியை இழந்தது இதனால்தான். நாள்தோறும் இருமுறையாவது, விடியலில் விளக்கு எரியுமுன் ஒருமுறையும் மாலையில் விளக்கு அணைந்த பிறகு ஒருமுறையும், நுண்துளியாகத் தெளிக்கும் கருவியால் இலைகள் அனைத்தும் நனையும்படி இரண்டு மூன்று நிமிடம் தெளிக்க வேண்டும். நாம் தெளித்தவுடனே குட்டி குடித்துவிடாது. முதலில் கண்ணை உருட்டிக் கழுவிக்கொள்ளும், பிறகு சற்று யோசிக்கும், அதன் பிறகே இலை நுனியில் தொங்கும் துளியை நக்கத் தொடங்கும். பத்து விநாடி தெளித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவர், அது குடிக்கத் தொடங்குமுன்பே போய்விடுகிறார். எனவே பகலில் சொட்டுநீரும் வேண்டும். ஒரு நெகிழிக் கோப்பையின் அடியில் ஊசியால் துளையிட்டு, நீர் நிரப்பிக் கூண்டின் மேல் வைத்தால், விநாடிக்கொரு துளியாக இலைமேல் விழுந்துகொண்டிருக்கும். அசைகிற, மின்னுகிற அந்தத் துளியைக் குட்டி எளிதில் கண்டுகொள்கிறது. கீழே வடியும் நீரைப் பிடிக்கத் தட்டு வைத்து அன்றன்றே கொட்டிவிட வேண்டும்.

தாகத்தால் செத்த குட்டியைப் பார்த்த பிறகு நான் எதிர்த் திசையில் ஒரு தவறும் செய்தேன். இரண்டாவது குட்டியின் கூண்டை எந்நேரமும் சொட்டச் சொட்ட நனைத்து வைத்தேன். பகலில் இலை காயவே இல்லை. சில வாரத்தில் அது வாயைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கியது. நல்லவேளையாக மருத்துவர் தொற்றைக் கண்டு மருந்து கொடுத்ததால் பிழைத்தது. இயற்கையில் இரவில் பனியும் மூடுபனியும் காற்றை நனைக்கின்றன. பகலில் வெயில் ஏறியதும் எல்லாம் காய்ந்துவிடுகிறது. அந்தத் தாளத்தையே கூண்டிலும் கொண்டுவர வேண்டும். ஏமன் பச்சோந்திக்குப் பகலில் காற்றின் ஈரப்பதம் முப்பதிலிருந்து ஐம்பது விழுக்காடு இருந்தால் போதும். இரவில், குளிர்ச்சியான காற்றில், எண்பதுக்கு மேல் ஏறலாம். சூடும் தேங்கிய ஈரமும் ஒரே நேரத்தில் சேரும்போதுதான் கேடு. குட்டிக்குத் தண்ணீர் போதுமா என்பதை அதன் எச்சமே சொல்லிவிடும். எச்சத்தோடு வரும் யூரேட் என்னும் உப்புப் பகுதி வெள்ளையாக இருந்தால் நலம். மஞ்சளோ ஆரஞ்சோ ஆனால் நீர் குறைந்திருக்கிறது. கண் குழிவிழுந்து போனால் காத்திருக்கக் கூடாது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை இரண்டு விளக்குகள் வேண்டும், இரண்டும் வேறு வேறு வேலைக்கு. ஒன்று வெப்பம் தரும் சாதாரண விளக்கு. அதன் கீழுள்ள கிளையில் குட்டியின் முதுகு படும் உயரத்தில் இருபத்தேழிலிருந்து இருபத்தொன்பது டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வளர்ந்தவற்றுக்கு இதைவிடச் சூடு வேண்டும். ஆனால் குட்டியின் சிறிய உடல் விரைவில் சூடேறிக் காய்ந்துவிடும். கையை நீட்டிப் பார்த்துக் கணிப்பது போதாது. உணரிமுனையுள்ள வெப்பமானியை அதே கிளையில் வைத்து அளக்க வேண்டும். கீழ்க்கிளைகளில் இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து வரை இருந்தால் சரி. வலைக்கு மிக அருகில் விளக்கை வைத்தால் குட்டி வலையில் ஏறித் தொங்கி முதுகைச் சுட்டுக்கொள்ளும்.

மற்றது புற ஊதா பி கதிர் தரும் குழல்விளக்கு. இதைத் தவிர்த்தவர்களின் குட்டிகள்தாம் கால் வளைந்து, தாடை மென்மையாகி, நாக்கை எறிய முடியாமல் பட்டினி கிடக்கின்றன. அந்தக் கதிர் தோலில் படும்போதே வைட்டமின் டி3 உருவாகிறது. அது இல்லாமல் தின்ற சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், எலும்பில் சேராது. வளரும் குட்டியின் உடல் அப்போது தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவிடத் தொடங்குகிறது. சன்னலோர வெயில் இதற்கு ஈடாகாது, ஏனெனில் சன்னல் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. சுருண்ட சிறு பல்பு வேண்டாம்; கூண்டின் அகலத்துக்கு நீண்ட, டி5 எனப்படும் மெல்லிய வகையைச் சேர்ந்த, புற ஊதா பி ஐந்து அல்லது ஆறு விழுக்காடு என்று குறிக்கப்பட்ட குழலே நல்லது. அதைக் கூண்டின் மேல்வலைமீது வைத்து, மேல்கிளையிலிருக்கும் குட்டியின் முதுகு குழலிலிருந்து பதினைந்து முதல் இருபது சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி கிளையைக் கட்ட வேண்டும். கதிரளவி கிடைத்தால் அவ்விடத்தில் புற ஊதாக் குறியீடு மூன்றளவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். குழல் கண்ணுக்கு எரிவது போலவே இருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே வரும் என்பதால் ஆண்டுக்கொரு முறையாவது மாற்ற வேண்டும். சிறுத்தைப் பச்சோந்திகள், உணவில் டி3 குறைவாகக் கிடைத்தால் இக்கதிரின் கீழ் அதிக நேரம் சென்று அமர்கின்றன என்று 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. எவ்வளவு வேண்டும் என்பது அதற்கே தெரிகிறது. நம் வேலை அதைக் கிடைக்கச் செய்வது மட்டுமே.

இரண்டு விளக்கும் பகலில் பன்னிரண்டு மணி நேரம் எரியலாம். இரவில் எந்த விளக்கும் கூடாது, சிவப்பு விளக்கும் கூடாது. இரவில் பதினெட்டு இருபது டிகிரிக்கு வெப்பம் இறங்குவது நல்லதே. சூடேறும் கல் என்று விற்கப்படுவது மரவாழ் உயிரினத்துக்கு எவ்விதத்திலும் பயன்படாது.

உணவில், அகப்படும் பூச்சி எதுவும் ஆகாது. தெருவிளக்கின் கீழ் பிடித்த பூச்சியில் மருந்து இருக்கலாம். மின்மினியில் இயல்பாகவே நஞ்சு இருக்கிறது, ஒன்றைத் தின்றாலும் பல்லியினத்தைக் கொல்லக்கூடிய நஞ்சு அது. இரைக்கென்றே வளர்க்கப்பட்ட, சுவர்க்கோழி என்னும் பூச்சியின் குஞ்சுகளும் பழ ஈக்களுமே குட்டியின் அன்றாட உணவு. குட்டியின் தலை அகலத்தை மிஞ்சாத பூச்சியாகப் பார்த்துப் போட வேண்டும். நாளைக்கு இரண்டு மூன்று வேளை, கால் மணி நேரத்தில் தின்னும் அளவு கொடுக்கலாம். வளரும் வயதில் ஒரு நாளைக்குப் பத்து இருபது சிறு சுவர்க்கோழிகள் போவது வியப்பில்லை. மீந்த பூச்சிகளை இரவில் கூண்டில் விட்டுவைத்தால் அவை உறங்கும் குட்டியைக் கடிக்கும். பட்டுப்புழு, கறுப்புப் படைவீரன் ஈயின் புழு போன்றவற்றை இடையிடையே மாற்றிக் கொடுப்பது நல்லது. கொழுப்பு மிகுந்த மெழுகுப்புழுவைத் தின்பண்டமாக மட்டும் கொடுக்க வேண்டும்.

பலர் அறியாத ஒன்று: சுவர்க்கோழியின் உடலில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அதனால் பூச்சிக்கு முதல் நாளே கீரையும் கேரட்டும் கொடுத்து அதன் வயிற்றை நிரப்ப வேண்டும். குட்டி தின்பது அந்தக் கீரையையும் சேர்த்துத்தான். கொடுக்கும் நேரத்தில், டி3 கலக்காத கால்சியம் பொடியை மெல்லிய படலமாக, பூச்சி வெண்மையாக மாவில் புரண்டது போல் ஆகாமல், தூவிக் கொடுக்க வேண்டும். டி3யும் வைட்டமின் ஏவும் அடங்கிய பலசத்துப் பொடியை மாதத்துக்கு இருமுறை தூவினால் போதும். கொழுப்பில் கரையும் சத்துகள் உடலில் தங்கிச் சேர்ந்துவிடும் என்பதால் நல்லதுதானே என்று கூட்டிக்கொடுப்பது ஆபத்து.

கட்டுரையின் மூன்றாவது செய்திக்கு வருகிறேன். பச்சோந்தி என்ற சொல்லை நாம் வசவாகவே வைத்திருக்கிறோம். ஆளுக்கேற்ப நிறம் மாறுகிறவன் என்கிறோம், கட்சி மாறுகிறவருக்கு அதைப் பட்டமாகவே சூட்டிவிட்டோம். அந்த உயிரினத்துக்கு இதைவிடப் பெரிய அநீதி இல்லை. அது பெரும்பாலும் சூழலுக்கேற்ப நிறம் மாறுவதில்லை; தன் மனநிலையையும் உடல்நிலையையும் மறைக்காமல் தோலில் எழுதிக் காட்டுகிறது. ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறுத்தைப் பச்சோந்தியின் தோலில் குவானின் என்னும் பொருளாலான நுண்படிகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்புகின்றன. தோலிலுள்ள மஞ்சள் நிறமியோடு கலந்து அது பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியுறும்போது படிகங்களின் இடைவெளி விரிந்து மஞ்சளும் சிவப்பும் தோன்றுகின்றன. ஆகவே நம் கையில் எடுத்தவுடன் குட்டி கறுத்துப் போனால், அது நம் சட்டையின் நிறத்துக்கு ஒத்துப்போகவில்லை. விட்டுவிடு என்று சொல்கிறது.

வந்த முதல் இரண்டு வாரம் தண்ணீர், இரை, தூய்மை ஆகிய மூன்றைத் தவிர வேறெதற்கும் கூண்டைத் திறக்காதிருப்பது நல்லது. பிறகும் தூக்க வேண்டிய தேவை ஏற்பட்டால், மேலிருந்து பற்றி இழுக்காமல், கையைக் கிளை போல் அதன் முன்னே கீழிருந்து நீட்டி, அது தானே ஏறிவரக் காத்திருக்க வேண்டும். சில பச்சோந்திகள் நாளடைவில் கையிலிருந்து இரை வாங்கும். அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ளலாகாது, பொறுத்துக்கொள்கிறது என்பதே சரி. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஒரு கண் என்னையும் மறு கண் பூச்சியையும் பார்த்திருக்க, இரு கண்ணும் திடீரென்று முன்னே குவிந்து, உடலைவிட நீளமான நாக்கு கண்ணிமைப்பதற்குள் போய்த் திரும்புவதைப் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. தொட்டுக் கொஞ்ச விரும்பும் குழந்தைக்கு வேறு விலங்கு வாங்கிக்கொடுக்கலாம். தொட்டவர் யாராயினும், ஊர்வனவற்றில் சால்மோனெல்லா நுண்ணுயிரி இருக்கக்கூடும் என்பதால், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

துணையாக இருக்கட்டும் என்று இரண்டு குட்டிகளை ஒரே கூண்டில் விடுவதும் பரிவு அல்ல. பச்சோந்தி தனித்து வாழும் உயிர். சேர்த்து வளர்த்தால் ஒன்று மேல்கிளையையும் வெயிலையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். மற்றது சண்டையே இல்லாமல் ஒதுங்கி ஒதுங்கி இளைத்துப் போகும். பார்க்கிறவருக்கு ஒற்றுமையாகத்தான் தெரியும்.

பெண் குட்டியை வாங்கியவர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆணோடு சேராமலே அது வளர்ந்த பின் முட்டையிடக்கூடும். ஏமன் இனத்தில் ஒரே ஈட்டில் ஐம்பதுக்கு மேலும் போகலாம். தோண்டி இடுவதற்கு ஈரமண் நிறைந்த ஆழமான தொட்டி இல்லையென்றால் முட்டைகள் உள்ளேயே தங்கி உயிரைப் பறிக்கும். குட்டிப் பருவத்தில் அளவின்றி ஊட்டப்பட்ட உணவு, வளர்ந்த பிறகும் குறைக்கப்படாவிட்டால், முட்டையின் எண்ணிக்கை கூடுகிறது. அதனால் ஓராண்டு நெருங்கும்போது ஒன்றுவிட்டொரு நாள் உணவு என்று குறைத்துவிட வேண்டும்.

கிராம் கணக்கில் எடை காட்டும் சிறு தராசு ஒன்று வாங்கி வாரந்தோறும் எழுதி வாருங்கள். குட்டியின் எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வாரம் ஏறாமல் நின்றால் கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் ஏதோ கோளாறு இருக்கிறது. தோல் உரிவது குட்டிக்கு அடிக்கடி நடப்பதே. உதவுவதாக எண்ணிப் பிய்த்தெடுக்கக் கூடாது. ஊர்வன பற்றி அறிந்த கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைக் குட்டி வாங்குமுன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும். வந்த முதல் மாதத்திலேயே எச்சத்தைக் கொடுத்து ஒட்டுண்ணிச் சோதனை செய்துவிடலாம்.

இனி அந்தப் படம். ஒரு குழந்தையின் உள்ளங்கையில் பச்சோந்திக் குட்டி ஒன்று கறுத்த நிறத்தோடு, இரு கண்ணும் மூடிப் படுத்திருக்க, சுகமாக உறங்குகிறது என்று கீழே எழுதியிருந்தீர்கள். படம் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. நலமாக இருக்கும் பச்சோந்தி பகலில் கண்ணை மூடாது. அதிலும் மனிதக் கையில் இருக்கும்போது ஒருக்காலும் உறங்காது. கண் குழிந்திருப்பதும், விரல்கள் எதையும் பற்றாமல் தளர்ந்திருப்பதும் அச்சிட்ட படத்திலேயே தெரிகின்றன. கட்டுரையில் கண்ட மூன்று செய்திகளுக்கான திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னதாக, அந்தப் படத்தை அனுப்பிய குடும்பத்தாரின் தொடர்பு எண் தங்கள் அலுவலகத்தில் இருக்குமானால், இக்கடிதம் அச்சேறும் நாளுக்குக் காத்திராமல் இன்றே அவர்களை அழைத்து, இலைகளின்மேல் நீரைத் தெளித்து வைத்துவிட்டு குட்டியை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்